உட்கார்ந்தபடியே வண்டி தள்ளுகிறவர்

நின்றுபோன வண்டியைத் தள்ளுகிறவர்களில் ஒரு தனி ரகம் உண்டு. இவர்கள் வண்டிக்குப் பின்னால் நிற்பதே இல்லை. உள்ளே உட்கார்ந்துதான் தள்ளுவார்கள். எதால் என்று கேட்கிறீர்களா? வாயால்தான்.

எதிர்வீட்டுப் பெண்ணின் பெரியப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவில் யார் பீரோவை நகர்த்தினாலும், யார் கட்டிலை மாடிக்கு ஏற்றினாலும் எப்படியோ மோப்பம் பிடித்து வந்துவிடுவார், ஒரு விரலை மட்டும் அதன்மேல் வைப்பார், "விசை என்பது நிறை பெருக்கல் முடுக்கம்" என்பார், பிறகு விரலை எடுத்துவிட்டு, பீரோவைச் சுமந்தவனைவிட அதிகமாக மூச்சு வாங்குவார்.

அன்று காலை எதிர்வீட்டுக் கார் பேட்டரி செத்துக் கிடந்தது. அந்தப் பெண்ணுக்குப் பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. வேலை போய், ஏறாத ஆபீஸ் படியெல்லாம் ஏறி இறங்கிய பிறகு வந்த ஒரே அழைப்பு. அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்ள, அவள் வீட்டுக்காரரும் நானும் பின்னால் கை வைத்தோம். நாலடி தள்ளியிருந்தால் கிளம்பியிருக்கும்.

பெரியப்பா குறுக்கே வந்து நின்றார். இருப்பது இரண்டு பேருடைய விசைதானாம். நிறையைக் குறைத்தால்தான் முடுக்கம் கூடுமாம். சூத்திரம் என்னவோ சரிதான். அதுதானே தொல்லை! ஸ்டெப்னி இறங்கியது. ஜாக்கி இறங்கியது. மிதியடி, குடை, பின்சீட்டு மெத்தை எல்லாம் இறங்கின. டிஷ்யூ பெட்டியில் பாதிக் காகிதத்தை உருவச் சொன்னார். உருவினோம். அவசரத்தில் மனிதனுக்குப் புத்தி எங்கே வேலை செய்கிறது?

"நீயும் எறங்கும்மா. அம்பது கிலோ சும்மா ஒக்காந்திருக்கு பாரு."

அவள் இறங்கினாள். ஸ்டீயரிங்குக்கு ஆள் வேண்டுமே என்று பெரியப்பாவே ஏறிக்கொண்டார். வண்டி அந்தப் பக்கமாக அமுங்கியதை நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். அவர் பார்க்கவில்லை. மூன்று பேரும் தம் கட்டித் தள்ளினோம். கார் அசையவில்லை, என் இடுப்புதான் பிடித்துக்கொண்டது. விசை போதவில்லை என்று உள்ளிருந்து தீர்ப்பு வந்தது.

அவள் ஜன்னலருகே போனாள். அழுகையை அடக்கிக்கொண்டிருந்தது குரலிலேயே தெரிந்தது.

"பெரியப்பா, நீங்க கொஞ்சம் எறங்கிடுங்களேன்."

"நான் எறங்கிட்டா கணக்கை யாரும்மா பாத்துக்கறது?"

அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து ஓடினாள். பஸ்ஸும் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் சாயங்காலம் அவள் மிட்டாய் கொடுக்க வந்தபோது, இரண்டை ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டு பெரியப்பா கேட்டாரே ஒரு கேள்வி!

"உன்னைக் காரை விட்டு எறக்கினது யாரு? ஒரு டன் நிறை கொறைஞ்சுது, அதான் அந்த ஓட்டம் ஓடினே."

என்ன மனிதர் என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நானாவது இடுப்பு ஒடியத் தள்ளினேன். பெரியப்பா எப்போதோ இறங்கியிருக்க வேண்டும் என்று, இதைப் படித்த நேரமெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே யோசனை சொல்லிக்கொண்டிருந்தது யார்? கொஞ்சம் எழுந்துதான் பாருங்களேன். உங்கள் வீட்டிலும் ஏதாவது நகரக்கூடும்.