கமர்கட்டு மேடம் அடைத்த வாய்கள்

கொல்லிமலைக்கு எத்தனையோ அதிகாரிகள் ஏறி வந்திருக்கிறார்கள். எழுபது வளைவும் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து, அடுத்த மாசமே மாற்றல் வாங்கி இறங்கியவர்களும் உண்டு. ஆனால் என் வாயை அடைத்த ஒரே ஆள் கமர்கட்டு மேடம்தான். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தலைச்சுமையாக மிளகு மூட்டை இறக்கி, இன்றைக்கு அடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் என் பேரைச் சொன்னால் பஸ்ஸே நிற்கும் அளவுக்கு வந்தவன். மந்திரி மேடையிலேயே மைக்கைத் திருப்பித் தராதவன். அப்பேர்ப்பட்ட வாய் இது.

அந்தம்மாவுக்கு வேலை, மனசு சரியில்லாத பிள்ளைகளோடு பேசுவது. தெற்கத்திக்காரர். மலைமேல் அரசு ஆஸ்பத்திரியில், பழைய பெட்டிகள் அடுக்கியிருந்த அறையை ஒதுக்கித் தந்திருந்தார்கள். மேசைமேல் ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது. ஒரு ஜாடி நிறையக் கமர்கட்டு. பிள்ளைக்கு என்று நினைப்பீர்கள். இல்லை, கூட வந்த பெரியவர்களுக்கு. ஆளுக்கொன்றை வாயில் போடவைத்து, "இது கரையுற வரைக்கும் பிள்ளை பேசினாப் பேசும், பேசாட்டியும் சரி. நீங்க பேசக்கூடாது" என்பார்.

வாழவந்தி நாட்டு வாத்தியார் ஒருத்தர் அவசரப்பட்டு அதைக் கடித்து நொறுக்கிவிட்டு, "என் பையன் என்ன சொல்ல வாரான்னா..." என்று ஆரம்பித்தாராம். மேடம் இன்னொன்றை நீட்டி, "முதல்லேருந்து ஆரம்பிப்போம் சார்" என்றாராம். மூன்று கமர்கட்டும் ஒரு கடைவாய்ப் பல்லும் போன பிறகுதான், மகன் தன்னைக் கண்டாலே நடுங்குகிறான் என்று வாத்தியாருக்குத் தெரிந்தது. குண்டனி நாட்டிலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். அவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து சப்பிய அரைமணி நேரம்தான், கல்யாணத்துக்கு அப்புறம் அந்த ஊடு அமைதியாக இருந்த முதல் அரைமணி.

எங்கள் கதைக்கு வருகிறேன். என் மகன்வழிப் பேத்தி தர்ஷினி, ஒன்பதாம் வகுப்பு. ஒரு மாசமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை, வாயும் திறக்கவில்லை. என்ன கேட்டாலும் சுவரைப் பார்க்கும். மருமகள் மந்திரித்துக் கயிறு கட்டினாள். மகன் கத்தினான். நான் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து, நான் முன்னுக்கு வந்த வரலாற்றைச் சொன்னேன். எதுவும் வேலைக்கு ஆகவில்லை. "படிச்சது போதும், ஒரு வரனப் பாருங்க அண்ணா" என்று என் தங்கச்சி ஆரம்பித்துவிட்டாள். பதினாலு வயசுப் பிள்ளைக்கு வரன். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுவது என்று முடிவு பண்ணினேன்.

நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனால் வழியெல்லாம் தெரிந்த முகம். அதனால் ஒருத்தருக்கும் தெரியாமல் என் ஜீப்பில் மலைக்கு ஏறினோம். ஆஸ்பத்திரி பெஞ்சில் முதல் ஆளாக, சந்தையில் என் போட்டி வியாபாரி, பேரனோடு.

"ஏனுங்க, மிளகு பாக்க வந்தீங்களா?" என்றார்.

"ஆமாங்க. நீங்க?"

"நானுந்தானுங்க."

அதற்குமேல் இரண்டு பேரும் காசநோய் போஸ்டரைப் படித்தோம். எனக்கு அவ்வளவாகப் படிக்க வராது. இருந்தாலும் படித்தேன்.

உள்ளே போனதும் மகனுக்கும் மருமகளுக்கும் ஆளுக்கொரு கமர்கட்டு. நான் தப்பித்துவிட்டதாக நினைத்து, "எனக்குச் சக்கரைங்க" என்றேன். மேடம் இழுப்பறையைத் திறந்து இன்னொரு டப்பாவை எடுத்தார். காய்ந்த நெல்லிக்காய். "இது உங்களுக்குங்கய்யா."

நெல்லி வற்றல் லேசில் கரையும் சாமான் இல்லை. நான் ஒரு கன்னம் உப்பி உட்கார்ந்திருந்தேன். ஃபேன் ஓடியது. மேடம் தன்பாட்டுக்கு ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை என்னைப் பார்த்தது. தாத்தா பத்து நிமிஷம் சும்மா இருந்து அது பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. சிரித்துவிட்டது. சிரிப்பு நிற்காமல் அழுகையில் போய் முடிந்தது. அப்புறம் பேசியது, என்னிடம் இல்லை, மேடத்திடம்.

"பஸ் ஸ்டாண்டுல தாத்தா பேனர் வச்சிருக்காருங்க. வருங்காலக் கலெக்டர்னு, என் போட்டோ போட்டு. எனக்குக் கணக்குல மார்க் போச்சுங்க. அன்னியிலேருந்து நான் கிளாசுக்குள்ள போனா எல்லாரும் எந்திரிச்சு சல்யூட் அடிக்கிறாங்க."

மேடம் என்னைப் பார்த்தார். "பேனர் இன்னும் இருக்காங்கய்யா?"

வெயிலுக்கும் மழைக்கும் அசையாத ரகம், சேலத்தில் அடித்தது என்று சொல்ல வாயெடுத்தேன். மேடம் ஒரு விரலை உயர்த்தினார். தலையை மட்டும் ஆட்டினேன்.

மறுநாள் பட்டப்பகலில், சந்தைக் கூட்டம் பார்க்க, நானே ஏணி போட்டு ஏறிப் பேனரை அறுத்தேன். எந்த ஆளையும் ஏவவில்லை. கீழே டீக்கடையிலிருந்து ஒருத்தன், "என்னங்க, கலெக்டர் வேலை போச்சுங்களா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

ஏணியில் நின்றபடியே சொன்னேன்: "என் பேத்திக்கு மனசு சரியில்ல. அதுக்குக் காரணம் நான். மலைமேல கூட்டிட்டுப் போயிக் காட்டறேன், இன்னமும் போவேன். பைத்தியம்னு சொல்றவன் என் மூஞ்சிக்கு முன்னால வந்து சொல்லு. உங்க ஊட்டுல எந்தப் பிள்ளைக்காச்சும் வேணும்னாலும் சொல்லுங்க, ஜீப்புல எடம் இருக்குது."

அடுத்த வாரம் ஜீப்பில் இரண்டு குடும்பம் ஏறியது. அதில் ஒன்று, அந்தக் கேள்வி கேட்டவனுடையது.

பிள்ளை ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. மூன்று நாள் பள்ளிக்கூடம் போகும், இரண்டு நாள் படுத்துக்கொள்ளும். போகாத நாளில் ஏன் என்று கேட்கக்கூடாது என்பது மேடத்தின் சட்டம். அந்தச் சட்டத்தைக் காப்பதற்கு, மூட்டை சுமந்ததைவிட அதிகமாக வேர்த்தேன். வரன் பேச்சோடு வந்த தங்கச்சியை, "காப்பி குடிச்சிட்டுக் கெளம்பு" என்று அனுப்பினேன். இப்போது பத்தாம் வகுப்பு. கணக்கு இன்னும் வரவில்லை. வராவிட்டால் போகிறது.

மேடம் இந்த வருசம் மாற்றலாகித் தெற்கே போய்விட்டார். மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தர்ஷினி கதவைச் சாத்திக்கொண்டு அவருக்குப் போன் போடும். என்ன பேசுகிறார்களோ, நான் கேட்பதில்லை. கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்தப் பக்கம் ஒரு ஆளையும் அண்டவிடுவதில்லை. உள்ளே பிள்ளை சிரிக்கும் சத்தம் கேட்டால், அந்தம்மா அங்கே சௌக்கியமாக இருக்கிறார் என்று தெரிந்துகொள்வேன்.