பட்டுப்பாவாடைத் தட்டில் கருவாடு

எதையும் தூக்கிப் போடத் தெரியாத ஆள் நான். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. இப்போது போலீஸ் ஸ்டேஷனில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன் குரலில் சொல்கிறேன்.

அப்போது எனக்கும் செல்விக்கும் கல்யாணமாகி இரண்டு வருடம். கடற்கரை ஊரான மண்டபத்தில் வாடகை வீடு. நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். கடலில் சேரும் பிளாஸ்டிக் என்னென்ன செய்யும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி நடத்தி, பிள்ளைகள் திருந்தினார்களோ இல்லையோ, நான் அளவுக்கு மீறித் திருந்திவிட்டேன். கிழிந்த கைலி தரை துடைக்கும் துணியானது. சோப்புத்தூள் வாளி அரிசி வாளியானது. என் பழைய பேண்ட் ஒன்று காய்கறிப் பையானது (ஜிப்போடு. அதைத் திறந்து கத்தரிக்காயை உள்ளே போடும்போது கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்).

ஏணி, கிரைண்டர், பெரிய இட்லிக் கொப்பரை மூன்றும் எங்கள் தெருவில் நான்கு வீட்டுக்குப் பொது. பக்கத்து வீட்டுக் காதர் அண்ணன் படகுக்குப் போகிறவர். அவர் வீட்டில் மீன் கழுவிய தண்ணீர் எங்கள் முருங்கைக்கு வரும். கீரை அவர் வீட்டுக்குப் போகும். இதிலெல்லாம் செல்வி என்னைவிடக் கெட்டிக்காரி. ஒரே வித்தியாசம், எங்கே நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த நேரத்தில்தான் என் அக்கா மல்லிகாவின் மகள் யாழினிக்குக் காது குத்து வைத்தார்கள். அபிராமத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். அக்காவுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். தாய்மாமன் என்றால் எங்கள் பக்கம் லேசான விஷயமில்லை. சீர்த்தட்டு வரிசையாக வர வேண்டும். மைக்கில் ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். பிள்ளைக்குப் பட்டுப்பாவாடையும் காதில் போடும் தோடும் மாமன் வாங்கி வர வேண்டும். மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள்.

“சீரை நம்ம பாணியில செய்வோம்” என்றேன் செல்வியிடம்.

“நம்ம பாணின்னா?”

“ஜிகினாத்தாள் இல்ல, பிளாஸ்டிக் கூடை இல்ல, கண்ணாடித்தாள் இல்ல. எல்லாம் வீட்டுல இருக்கறதை வச்சே.”

“உங்க அக்கா, உங்க பாடு” என்றாள்.

தெருவெல்லாம் அலைந்து தாம்பாளங்களை இரவல் வாங்கினேன். வீட்டில் சுட்ட முறுக்கையும் அதிரசத்தையும் நன்றாகக் கழுவிய சோப்புத்தூள் வாளிகளில் நிரப்பினேன். பட்டுப்பாவாடையைச் செய்தித்தாளில் சுற்றி, தோட்டை ஒரு காலிப் பெருங்காய டப்பாவில் போட்டு அதற்குள் செருகி, செல்வியின் பழைய பச்சைச் சேலையில் ஒரு துண்டு வெட்டி அழகாக முடிந்தேன். (அது அவ்வளவு பழைய சேலை இல்லை என்பது பிறகு தெரியவந்தது. அது தனிக்கதை.)

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் காதர் அண்ணன் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். உள்ளே அவர் வீட்டு மாடியில் காய்ந்த சீலாக் கருவாடு.

“தம்பி, அபிராமத்துல நம்ம தங்கச்சி மும்தாஜ் இருக்கால்ல, அவகிட்ட இதைச் சேத்துரு.”

எனக்கு ஆச்சரியம். அண்ணனும் தங்கையும் பேசி மூன்று வருடமாகிறது. ஒரு கல்யாணப் பந்தியில் யாரை முதலில் உட்காரக் கூப்பிட்டார்கள் என்பதில் ஆரம்பித்த கோபம்.

“நீங்க குடுத்தீங்கன்னு சொல்லவா?”

“சொல்லாத.” நான்கு எட்டு நடந்தவர் திரும்பினார். “கேட்டா சொல்லு.” வாசலுக்குப் போய் மறுபடி நின்றார். “கேக்காட்டியும் சொல்லிரு.”

அவர் போனதும் முதல் வேலையாகக் கருவாட்டைப் பிளாஸ்டிக் பையிலிருந்து விடுவித்தேன். செய்தித்தாளில் சுற்றினேன். அதே பச்சைச் சேலையில் இன்னொரு துண்டு வெட்டி அதே மாதிரி முடிந்தேன்.

செல்வி இரண்டு முடிச்சையும் பார்த்தாள். “ரெண்டும் ஒண்ணுபோல இருக்கே, ஒரு பேப்பர்ல பேர் எழுதி ஒட்டுங்க.”

“அதுக்கு ஒரு பேப்பர், ஒரு பசையா? எல்லாம் மனசுல இருக்கு” என்றேன்.

அபிராமத்துக்கு நாங்கள் போனது சவரி அண்ணனின் மீன் வண்டியில். வாரம் மூன்று நாள் அந்தப் பக்கத்துச் சந்தைகளுக்கு மீன் கொண்டுபோகிறவர். எப்படியும் போகிற வண்டி, இரண்டு பேருக்காகத் தனியாக ஒரு கார் எதற்குப் புகை விட வேண்டும்? விடியற்காலையில் ஏறினோம். பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே சீர் வாளிகள். முன்னால் என் மடியில் இரண்டு முடிச்சும். ராமநாதபுரம் வருவதற்குள் எங்கள் மூக்கு வேலை செய்வதை நிறுத்திவிட்டது. கருவாட்டுக்கும் பட்டுக்கும் எனக்கிருந்த ஒரே அடையாளம் அத்துடன் போனது.

மண்டபத்து வாசலில் இறங்கி, ஒரு கையால் வாளியை இறக்கிக்கொண்டே இன்னொரு கையால் சவரி அண்ணனிடம் ஒரு முடிச்சைக் கொடுத்தேன். “போற வழியில மும்தாஜ் வீட்டுல குடுத்துருங்கண்ணே.” என் கையால்தான் கொடுத்தேன். வேறு யார் மேலும் பழி போட வழியே இல்லை.

பத்து மணிக்கு மேளத்தோடு சீர் உள்ளே போனது. நல்ல வரவேற்பு என்று முதலில் நினைத்தேன். எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். பிறகுதான் பேச்சு காதில் விழுந்தது.

“யாருப்பா இவங்க, துணி துவைக்க வந்தவங்களா?”

“இல்லப்பா, தாய்மாமன்.”

முறுக்கைக் கையில் வாங்கிய ஒருவர் கடிப்பதற்கு முன்னால் அதில் நுரை வருகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

மேடையில் ஆசாரி ஊசியோடு தயார். பதினொன்றரைக்குள் குத்தியாக வேண்டும். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு யாழினி என் மடியில். பக்கத்தில் அக்காவும் மச்சானும், என்னை ஏறிட்டுப் பார்க்காமல். மைக் பிடித்தவர் கணீரென்று அறிவித்தார்: “அடுத்ததாக, தாய்மாமன் கொண்டுவந்த பட்டுப்பாவாடை, தங்கத்தோடு!”

மச்சான் முடிச்சை அவிழ்த்தார். செய்தித்தாளைப் பிரித்தார். தாம்பாளத்தில் ஆறு துண்டு சீலாக் கருவாடு.

மேளக்காரர் வாசிப்பதை நிறுத்தினார். எனக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. பட்டு எப்படிக் கருவாடாகும் என்று நிஜமாகவே ஒரு கணம் யோசித்தேன். அறிவியல் வாத்தியார் இல்லையா, ஏதாவது வேதிவினையாக இருக்குமோ?

கூட்டத்தில் ஒரு பெரியவர், “கடக்கரைப் பக்கம் இதுதான் முறையா இருக்கும்” என்றார். மைக் பிடித்தவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். “தாய்மாமன் அவர்கள், கடற்கரை முறைப்படி, கருவாடு!” என்று முழங்கினார். நாலைந்து பேர் கைதட்டினார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. அதற்குள் யாழினி ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்துச் சப்ப ஆரம்பித்தாள்.

மச்சான் என் காதருகே குனிந்தார். “மாப்ள, காது குத்தணும்னு சொன்னேன். தூண்டில் போடணும்னா சொன்னேன்?”

பிள்ளையை அக்காவிடம் கொடுத்துவிட்டு வெளியே ஓடினேன். ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. சவரி அண்ணனுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

“அண்ணே, அந்த முடிச்சு மாறிப்போச்சு! வாங்கிக்கிட்டு உடனே மண்டபத்துக்கு வாங்க!”

“மண்டபத்துக்கா? இப்பவேவா?”

“இப்பவே!”

“தங்கச்சியையும் கூட்டிக்கிட்டா?”

பாட்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. “ஆமா, ஆமா!” என்றேன்.

சந்தையிலிருந்து இங்கே வர ஐந்து நிமிடம் போதும். கால் மணி நேரமானது. அரை மணி நேரமானது. ஆசாரி கடிகாரத்தைப் பார்த்தார். நான் மறுபடி போன் போட்டேன்.

“எங்கண்ணே இருக்கீங்க?”

“பார்த்திபனூர் தாண்டிட்டோம் தம்பி.”

“அங்கன எதுக்கு போறீங்க?”

“நீதானப்பா மண்டபத்துக்கு வரச் சொன்ன!”

தலையில் கைவைத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மண்டபத்துக்காரரிடம் போய் மண்டபம் என்று சொன்னால் அவர் வேறு எங்கே போவார்?

“அந்த மண்டபம் இல்லண்ணே, இந்த மண்டபம்! கல்யாண மண்டபம்!”

அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வரும்போது பதினொன்று பத்து. முன் கதவு திறந்தது. முதலில் இறங்கியவள் மும்தாஜ். பின்னாலேயே அவளுடைய இரண்டு வயது மகள் அப்ரின், நான் வாங்கிய பட்டுப்பாவாடையைக் கட்டிக்கொண்டு, நான் வாங்கிய தோட்டைப் போட்டுக்கொண்டு.

மும்தாஜின் கண் அழுது சிவந்திருந்தது. முகமெல்லாம் சிரிப்பு. அண்ணனை அவர்கள் வீட்டில் காக்கா என்றுதான் சொல்வார்கள். “மூணு வருஷம் கழிச்சு எங்க காக்கா எம்புள்ளைக்குப் பட்டும் தங்கமும் குடுத்துவிட்டிருக்காரு. மண்டபத்துக்கு வேற உடனே வரச் சொல்றாராம்ல. கட்டுன சேலையோட கெளம்பிட்டேன். நடுவழியில வண்டியைத் திருப்பிட்டாரு, என்னன்னு சொல்ல மாட்டேங்குறாரு.”

விளக்கிச் சொல்வது என் தொழில். வாயைத் திறந்தேன். “அது வந்து… அண்ணன்தான்… ஆனா அண்ணன் இல்ல…”

“அல்லாவே! எங்க காக்காவுக்கு என்னாச்சு?” என்று அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

செல்வி ஓடிவந்து என்னை ஓரமாகத் தள்ளினாள். “ஒங்க காக்கா நல்லாத்தான் இருக்காரு அக்கா. அவரு குடுத்துவிட்டது வேற. இவரு ரெண்டையும் ஒரே சேலையில கட்டி மாத்திக் குடுத்துட்டாரு.” நான் அரை மணி நேரம் எடுத்திருப்பேன். அவளுக்கு மூன்று வாக்கியம் போதுமாக இருந்தது.

மும்தாஜின் முகம் அப்படியே வாடியது. குனிந்து அப்ரினின் காதிலிருந்து தோட்டைக் கழற்றினாள். அந்த நிமிடம் கடல் பொங்கி அபிராமம் வரைக்கும் வந்து என்னைக் கொண்டுபோயிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். பாவாடையில் கை வைத்ததும் அப்ரின் வீறிட்டு அழுதாள்.

சத்தம் கேட்டு வெளியே வந்த என் அக்கா, செல்வியிடம் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, நேரே போய் மும்தாஜின் கையைப் பிடித்தாள். “பாவாடையைக் கழட்டாதத்தா. மாமன் எடுத்த பாவாடை, எந்தப் புள்ள கட்டுனா என்ன? தோடு மட்டும் போதும். உள்ள வா.”

உள்ளே வந்ததும் மும்தாஜ் மெல்லக் கேட்டாள். “அப்ப எனக்கு என்னதான் குடுத்துவிட்டாரு?”

நான் மேடையில் இருந்த தாம்பாளத்தைக் காட்டினேன். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் போய் ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்தாள். “சீலா” என்றாள். “எங்க காக்கா கைப்பக்குவம். உப்பு கொறச்சுத்தான் போடுவாரு, எனக்கு நாக்கு புண்ணாகும்னு.” பட்டுக்கும் தங்கத்துக்கும் அழுததைவிட அந்த ஆறு துண்டுக்கு அதிகமாக அழுதாள். ஒரு துண்டு குறைந்து ஐந்துதான் இருந்தது. ஆறாவதை யாழினி விடவில்லை.

பதினொன்று இருபத்தைந்துக்குக் காது குத்தினார்கள். ஆசாரி ஊசியை எடுத்தபோது பிள்ளை அழவே இல்லை, வாய் நிறையக் கருவாடு. அழுதது நானும் மும்தாஜும்தான்.

பந்தியில் சாப்பிட்டு முடித்ததும் அவள் அதே மீன் வண்டியில் ஏறினாள். “மண்டபம்னு கெளம்பிட்டேன், போய் எங்க காக்காவைப் பாத்துட்டே வாரேன்.” நாங்களும் அதே வண்டியில்தான் திரும்பினோம். வழியெல்லாம் அப்ரின் பட்டுப்பாவாடையோடு என் மடியில் தூங்கினாள். வாசலில் தங்கையைப் பார்த்த காதர் அண்ணன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “கேட்டாளா, கேக்காமலே சொன்னியா?” எந்தப் பதில் சரி என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

யாழினி இப்போது ஆறாவது படிக்கிறாள். வெளியூர்த் தோழிகளிடம் என்னைக் கருவாட்டு மாமா என்றுதான் அறிமுகப்படுத்துகிறாள். காது குத்து வீடியோ அக்கா வீட்டில் பொங்கலுக்குப் பொங்கல் ஓடும். மச்சான் முடிச்சை அவிழ்க்கிற இடத்தில் நிறுத்தி, என் முகத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். போன மாதம் அவர்கள் புதுவீட்டில் பால் காய்ச்சினார்கள். நான் பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று கொண்டுபோனேன். எந்தத் துணியிலும் சுற்றாமல், ஊர் பார்க்க, வெறுமனே கையில் ஏந்திக்கொண்டுதான் போனேன். மச்சான் இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கினார். பிறகு குனிந்து அதை மோந்து பார்த்தார்.