பட்டன் தைக்காமல் இருக்க ஒரு திட்டம்

இனி சாகும்வரை பட்டன் தைப்பதில்லை என்று அவர் முடிவெடுத்தபோது பதினான்கு சட்டைகள் காத்திருந்தன.

தையல் கடை மனைவியுடையது. அளவெடுப்பது, வெட்டுவது, தைப்பது, அவசரப்படுத்துகிறவர்களை அதட்டுவது எல்லாம் அவள். பட்டன் மட்டும் அவர் பொறுப்பு. ஒரு கண்ணை மூடி, வாயைத் திறந்து, மூச்சை அடக்கி, ஊசியில் நூலைக் கோப்பதற்குள் ஒரு யோகிக்குரிய நிலைக்குப் போய்த் திரும்புவார்.

"கடைக்கு இப்ப தேவை பட்டன் இல்ல, விளம்பரம்," என்றார்.

"வாசல்ல ஒருத்தர் பட்டன் இல்லாத சட்டையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரே, அவர்கிட்டப் போய்ச் சொல்லுங்க."

"கிண்டல் பண்ணாத. இன்டர்நெட்ல நம்ம கடைப் பக்கம் தூங்குது. தினம் ஒரு பதிவு போடணும். என்னிக்கு எதைப் போடறதுன்னு திட்டம் வேணும். மூளை வேலை. அதை நான் பாத்துக்கறேன்."

"மூளை வேலைய... நீங்க?"

"ஒரே மாசம். என் பதிவப் பாத்துட்டுப் பத்துப் பேர் வந்தா, பட்டன்லேர்ந்து எனக்கு விடுதலை."

"வரலேன்னா?"

"கொக்கியும் சேத்துத் தைக்கிறேன், போ!"

அவள் வாயிலிருந்த குண்டூசியை எடுத்தாள். "சரி. மாசம் முடியற வரைக்கும் பட்டன் உங்களோடதுதான்."

சுவரில் பெரிய காகிதம் ஏறியது. முப்பது கட்டம், நாலு நிறப் பேனா. நீலம் பொன்மொழிக்கு, பச்சை அறிவுரைக்கு, கறுப்பு கேள்விக்கு. சிவப்பு எதற்கென்று அவருக்கே மறந்துவிட்டது.

முதல் நாள், "ஆள் பாதி, ஆடை பாதி." ஒருவருக்குப் பிடித்திருந்தது. அந்த ஒருவர் அவர்தான். மூன்றாம் நாள், "பருத்தியா, பட்டா? உங்கள் தேர்வு எது?" மைத்துனன் மட்டும் பதில் எழுதியிருந்தான்: "மாமா, என் பேன்ட் தைச்சாச்சா?"

அந்த எரிச்சலெல்லாம் மத்தியானம் பட்டன் மேல் இறங்கியது.

"நில்லு. நேரா நில்லு. நாலு ஓட்டை இருந்தா நீ பெரிய ஆளா? என் மூக்குலயும்தான் ரெண்டு இருக்கு. அது இப்படியா உருளுது?"

மனைவி எதிரே செல்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு துணி வெட்டினாள். அளவெல்லாம் அதில்தான் இருக்கிறது என்பாள்.

இருபத்தேழு நாள் போயிற்று. பதிவைப் பார்த்துவிட்டு ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. இருபத்தெட்டாம் நாள் ஒரு பெண் பையோடு உள்ளே வந்தாள்.

"என்ன வேணும்?" என்றார், தலை நிமிராமல்.

"ஐயோ, அதே குரல்! சார், உங்களப் போன்ல பாத்துட்டுத்தான் வந்தேன்."

அவர் ஊசியைச் சட்டையிலேயே குத்திவிட்டு எழுந்தார். பின்னாலேயே இரண்டு பேர். அப்புறம் ஒரு குடும்பம். சாயங்காலத்துக்குள் பதினொரு பேர் கடையில் நெருக்கியடித்து நின்றார்கள். அவர் முக்காலியில் ஏறாத குறை.

"எண்ணிக்கோ! பதினொண்ணு! இனிமே நான் பட்டனத் தொடமாட்டேன்!"

கூட்டம் திடுக்கிட்டது. "அப்போ எங்க பட்டன யார் சார் திட்டுவா?" என்றாள் முதலில் வந்தவள்.

"திட்டறதா?"

அவள் செல்பேசியைத் திருப்பிக் காட்டினாள். 'பட்டன் வாத்தியார்' என்று ஒரு தனிப் பக்கம். முகம் இல்லை, இரண்டு கை, ஒரு சட்டை. "நாலு ஓட்டை இருந்தா நீ பெரிய ஆளா?" என்று அவர் குரல் முழங்கியது. கடையே சிரித்தது. ஒரு தாத்தா, "என் பட்டனையும் நாலு வார்த்தை கேளுங்க தம்பி, மூணு தடவை அறுந்துட்டுது," என்று போட்டிருந்த கோட்டைக் கழற்றி நீட்டினார்.

"இது நான் போட்டது," என்றாள் மனைவி. "பொன்மொழியப் படிச்சுட்டு யாராவது வந்திருந்தா கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. அவள் கொக்கி டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் காது மடல் சிவந்தது. "யாரக் கேட்டு எடுத்த? இப்பவே அத்தனையும் அழி! இல்லேன்னா நான்..."

அவள் மேஜையடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, கட்டம் போட்ட பக்கத்தில் விரலை வைத்துப் பார்த்தாள்.

"கொஞ்சம் அடக்கிக்கோங்க. கோபத்த வியாழக்கிழமைக்குத்தான் போட்டிருக்கேன். இன்னிக்கு நீங்க அசடு வழியணும்," என்று செல்பேசியைத் தூக்கினாள்.