ஓநாய்க்கு ஆறு வருட ஆதரவு

ஒரு காட்டில், கதவுகள் தாமாகவே திறந்து மூடத் தொடங்கிய காலத்தில், ஒரு முள்ளம்பன்றி இருந்தது. அதன் பெயர் கூர்மதி. கூர்மை முதுகில் இருந்தது, மதி எங்கே இருந்தது என்பதைக் கதை முடிந்ததும் நீங்களே சொல்லுங்கள்.

முயல்களின் வளைக்குத் தானியங்கிக் கதவு செய்து கொடுத்தது கூர்மதிதான். கதவு மோப்பம் பிடிக்கும். முயல் வாசம் வந்தால் திறக்கும், ஓநாய் வாசம் வந்தால் மூடும். மற்ற யார் வந்தாலும் கண்டுகொள்ளாது. அந்தக் கதவுக்குள்ளும், குளத்து பம்புக்குள்ளும், கரடியின் தேன்பெட்டிக்குள்ளும் ஓடியது ஒரே கெர்னல். கெர்னல் என்பது எந்திரத்தின் அடிவயிற்றில் உட்கார்ந்துகொண்டு மற்ற மென்பொருள்களையெல்லாம் மேய்க்கும் மென்பொருள். இது திறந்த மூலம் வேறு. யாரும் படிக்கலாம், யாரும் திருத்தலாம், யாரும் குறை சொல்லலாம். காட்டில் பெரும்பாலோர் மூன்றாவதை மட்டும் செய்துவந்தார்கள்.

கார், கூதிர், முன்பனி என்று பருவத்துக்கு ஒரு புதுப் பதிப்பு வரும். அடுத்த பருவம் வந்ததும் பழையதைச் சீந்துவார் கிடையாது. ஆனால் வருடத்துக்கு ஒரே ஒரு பதிப்பை மட்டும் தேவாங்கு நிதானப்பன் தத்தெடுத்துக்கொள்ளும். அதற்கு நீண்டகால ஆதரவு என்று பெயர். ஆறு வருடம், அதில் எந்த ஓட்டை தெரிந்தாலும் நிதானப்பன் அடைத்துக் கொடுக்கும்.

முயல் வளைக் கதவில் இருந்த பதிப்புக்கு ஆறு வருடம் முடியப்போகிறது. இனிமேல் அதில் ஓட்டை விழுந்தால் அடைக்க நாதியில்லை. ஓநாய் படிப்பறிவில்லாதது என்றால் பரவாயில்லை. அதுவும் கெர்னல் எழுதப்பட்ட மூலநிரலை வரி விடாமல் படிக்கிறது. திறந்த மூலம் ஆயிற்றே, வேண்டாம் என்று யார் சொல்வது? தான் தவறான பதிப்பைப் போட்டால் முப்பது குட்டிகள் ஓநாயின் வயிற்றுக்குள் போய்விடும் என்று கூர்மதிக்குப் பயம்.

நேரே நிதானப்பனின் மரத்தடிக்குப் போனது.

"அண்ணே, இந்த வருஷம் எந்தப் பதிப்புக்கு ஆதரவு?"

தேவாங்கு இரண்டு கண்ணையும் மெல்லத் திறந்தது. "அத மட்டும் கேக்காதம்மா. ஒரு தடவை முன்னாடியே சொல்லிப் பட்ட பாடு போதும்."

உண்மைதான். அந்த வருடம் பெயரை அறிவித்ததும், இதுதான் கடைசி பஸ் என்று காடே ஓடிவந்து, வெந்தது வேகாதது எல்லாவற்றையும் அந்தப் பதிப்புக்குள் திணித்தது. மயில் திணித்ததன் விளைவாக, மழைமேகம் கண்டபோதெல்லாம் குளத்து பம்பு தண்ணீர் இறைப்பதை நிறுத்திவிட்டு ஆடியது. ஆறு வருடம் ஆடியது.

"சரிண்ணே, எப்படித் தேர்ந்தெடுப்பீங்கன்னாவது சொல்லுங்க."

"எதை நிறையப் பேர் போடுறாங்களோ அதை."

"நீங்க எதைத் தேர்ந்தெடுக்குறீங்களோ அதைத்தான் எல்லாரும் போடுவாங்க."

"அப்ப போடட்டும்."

"நீங்க முதல்ல தேர்ந்தெடுங்க."

"அவங்க முதல்ல போடட்டும்."

கூர்மதி தலையில் அடித்துக்கொள்ளப் போய், கையில் முள் குத்தி, அந்த வேதனையில் பல்லை இளித்துக்கொண்டு திரும்பியது. வீட்டுக்கு வந்ததும், கையில் இருந்தது கூதிர்ப் பதிப்பு என்பதால் முயல்கள் மேயப் போயிருந்த நேரத்தில் கூதிரையே கதவில் போட்டது. எந்தப் பதிப்பையும் ஒரு பருவம் சோதித்துவிட்டுப் போடுவதுதான் அதன் வழக்கம். இந்த முறை பயம் முந்திக்கொண்டது.

புதருக்குள்ளிருந்து நரி இதைப் பார்த்துவிட்டது. கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு நிதானப்பனின் கண் சிமிட்டலுக்குப் பலன் சொல்லிப் பிழைத்துவந்த நரி அது.

"தேவாங்கைப் பார்த்துட்டு முள்ளம்பன்றி சிரிச்சுக்கிட்டே வந்துச்சு! வந்த கையோட கூதிரைப் போட்டுச்சு! உள்விஷயம் தெரிஞ்சிருக்கு!"

அவ்வளவுதான். உச்சிப்பொழுதுக்குள் காடு முழுக்கக் கூதிர். நிதானப்பன் கிளையிலிருந்து எட்டிப் பார்த்தது. எல்லோரும் கூதிரைப் போட்டிருந்தார்கள். உடனே கூதிருக்கு நீண்டகால ஆதரவு என்று அறிவித்தது. ஊரே போட்டிருக்கிறதே, யாராவது சோதித்திருப்பார்கள் என்று கூர்மதி நிம்மதியாகப் பகல் தூக்கம் போட்டது. முள்ளம்பன்றி சோதித்திருக்கும் என்று ஊர் தூங்கியது.

சோதித்திருந்தால் தெரிந்திருக்கும். கரடி தன் தேன்பெட்டிக்குத் தோதாகக் கூதிரின் மோப்பப் பகுதியில் கைவைத்திருந்தது. மூடு என்று இருக்க வேண்டிய இடத்தில் திற, திற என்று இருக்க வேண்டிய இடத்தில் மூடு.

அன்று சாயங்காலம் குட்டிகளோடு மேய்ந்துவிட்டு வந்த முயல்கள் முன்னால் கதவு படீரென்று சாத்திக்கொண்டது. ஓநாய் வாசம் வீசவும் முயல்கள் புதருக்குள் சிதறி ஓடின. பின்னாலேயே ஓநாய் வந்தது. கதவு பவ்யமாகத் திறந்து வழிவிட்டது. ஓநாய்க்கே கொஞ்சம் கூச்சமாகப் போய்விட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு முயலும் இல்லை, மெத்தென்ற புல்படுக்கைதான் இருந்தது. இங்கே குடியிருக்கிறவர்கள் எப்படியும் வீடு திரும்பத்தானே வேண்டும் என்று படுக்கையில் புரண்டு படுத்தது.

முயல்களின் தலைவி செவியம்மா குட்டிகளோடு கூர்மதியிடம் ஓடிவந்தது. "அக்கா, உங்களை நம்பித்தானே இருந்தோம்!"

கூர்மதிக்கு அழுகையே வந்துவிட்டது. குட்டிகளைத் தன் முட்களுக்குக் கீழே படுக்கவைத்துவிட்டு உட்கார்ந்து மூலநிரலைத் தோண்டியது. தவறு ஒரே வரியில் இருந்தது. திருத்தி நிதானப்பனுக்கு அனுப்பியது. வரி ஓரத்தில் இடம் விட்டிருக்கிறது என்று திரும்பி வந்தது. சரிசெய்து அனுப்பியது. விளக்கம் போதாது என்று வந்தது. விளக்கி அனுப்பியது. விளக்கம் அதிகம் என்று வந்தது. இதற்கிடையில் எல்லா முயல்குட்டிக்கும் மூக்கில் முள் குத்தியிருந்தது.

ஒருவழியாகத் திருத்தத்தை ஏற்றுக்கொள்ளும் நாள் வந்தது. காடே மரத்தடியில் கூடியிருக்க, செவியம்மா மூச்சிரைக்க வந்தது.

"அக்கா, நிறுத்துங்க! திருத்தாதீங்க!"

விஷயம் இதுதான். முயல் படுக்கையில் புரண்டு புரண்டு ஓநாய் மேல் முயல் வாசம் ஏறிவிட்டது. கிளம்பலாம் என்று கதவுப் பக்கம் வந்தால், முயல் வருகிறது என்று கதவு இறுக மூடிக்கொள்கிறது. வெளியிலிருந்து இன்னொரு ஓநாய் வந்தால் திறக்கும். ஆனால் நம் ஓநாய்க்கு உறவென்று யாரும் மிச்சமில்லை. அதற்குக் காரணமும் நம் ஓநாய்தான்.

வளைக்குள்ளிருந்து குரல் கேட்டது. "தாயே முள்ளம்பன்றி! அந்தத் திருத்தத்தைச் சேர்த்துரும்மா! ஒரே ஒரு வரிதானே!"

கூர்மதி தவித்துப்போனது. அது கண்விழித்து எழுதிய வரி. "அண்ணே, தப்பு தப்புதானே? திருத்தித்தானே ஆகணும்?"

நிதானப்பன் யோசித்தது. தேவாங்கு யோசித்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். கூட்டம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தது.

"நீண்டகால ஆதரவுல ஒரே சட்டம்தாம்மா. ஒண்ணை நம்பி நாலு பேர் பிழைக்குறாங்கன்னா, அது தப்பாவே இருந்தாலும் மாத்தக் கூடாது. முயல்கள் நம்பிட்டாங்க. உன் திருத்தம் ரொம்பச் சரி. அதனால நிராகரிக்கிறேன்."

முயல்கள் கூர்மதிக்கு அருகம்புல் மாலை போட்டன. மாலை முள்ளில் மாட்டி அங்கேயே நின்றது. வாழ்நாளில் எழுதிய ஒரே சரியான வரி குப்பைக்குப் போக, சோதிக்காமல் போட்டதற்கு மாலை விழுகிறதே என்று அதற்கு வெட்கமாக இருந்தது. ஆனால் கழற்றவில்லை.

முயல்கள் பக்கத்திலேயே கதவில்லாத வளை ஒன்று தோண்டிக்கொண்டன. தினமும் காற்றோட்டத் துளை வழியாக ஓநாய்க்குக் கிழங்கு தள்ளிவிடுகின்றன. பருவம் மாறும்போதெல்லாம் உள்ளிருந்து ஓநாய் கேட்கும்: "புதுப் பதிப்பு வந்துருச்சா?"

"வந்துருச்சுண்ணே," என்று முயல்குட்டிகள் சொல்லும். "ஆனா உங்களுக்கு இல்ல. நீங்க நீண்டகால ஆதரவு."

நீதி: சரியாக வேலை செய்தால் ஒரு பருவம் வைத்துக்கொள்வார்கள், தப்பாக வேலை செய்து ஊருக்குப் பழகிவிட்டால் ஆறு வருடம் காப்பாற்றுவார்கள்.