ஒரு விதைக்கு மூணு ஃப்ரிட்ஜ்

தக்காளி வாங்கக் கொட்டேஷன் கேட்ட ஒரே ஆள், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியிலேயே எங்கள் மேடம்தான். அதுவும் வாய்வார்த்தையாக இல்லை. ஒட்டிய கவரில், விலை தனியாக, வண்டிக்கூலி தனியாக எழுதித் தரவேண்டும் என்று கேட்டார்.

"எழுதிக் குடுக்க எனக்கு ஏது தாயி நேரம்? வேணும்னா எடுங்க, வேணாட்டி அடுத்த கடையப் பாருங்க" என்றாள் கீழவாசல் மார்க்கெட்டில் அந்தக் காய்கறிக்காரம்மா.

"அடுத்த கடையும் பாப்பேன், அதுக்கடுத்த கடையும் பாப்பேன். மூணு கடை ஆகணும், அதாங்க சட்டம்" என்றார் மேடம்.

தக்காளி இல்லாமலே ஆபீசுக்கு வந்தார். "தக்காளி கொள்முதல் நிலுவையில இருக்கும்மா" என்று என்னிடம் முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார்.

தஞ்சாவூர் பக்கம் ஓர் அரசாங்க நெல் ஆராய்ச்சி நிலையம். நான் அங்கே டைப்பிஸ்ட், அவர் விஞ்ஞானி. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி வாட்ச்மேன் முதல் டைரக்டர் வரை எல்லாருக்கும் அவர் 'மூணு கொட்டேஷன் மேடம்'. பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். எதை வாங்கினாலும் மூன்று கம்பெனியிடம் விலை கேட்டு, குறைந்த விலைக்காரனிடம்தான் வாங்கவேண்டும் என்பது அரசாங்கச் சட்டம். நாற்காலிக்கும் மேஜைக்கும் நல்ல சட்டம், நான் மறுக்கவில்லை. அதையே ஆராய்ச்சிக் கருவிக்கும் போட்டால் என்ன ஆகும்? சோதனைக்குழாய் வாங்கவே ஒரு போகம் போய்விடும். அந்த ஆத்திரத்தில்தான் மேடம் அந்தச் சட்டத்தை ஊரெல்லாம் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். வீட்டுக்காரரின் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போனபோது மூன்று சாஸ்திரிகளிடம் விலை கேட்டார். மூன்றாமவர் கோபித்துக்கொண்டு பூணூலை இழுத்துவிட்டுக்கொண்டு போயே போய்விட்டார். "சட்டப்படி இப்ப டெண்டரே ரத்து" என்று சொன்னார் மேடம். பாவம், மாலையோடு நின்ற அவர் வீட்டுக்காரர்.

ஒருமுறை தலைநகரிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். புதிய அறிவியல் கொள்கை தயாராகிறதாம், எங்கள் கருத்தைக் கேட்க வந்தாராம். ஒன்றரை மணி நேரம் அவர் கருத்தைத்தான் நாங்கள் கேட்டோம். திரையில் ராக்கெட், ரோபோ, வயலுக்கு மேலே பறக்கிற ட்ரோன். கடைசியில், "தைரியமா புதுசா யோசிங்க, அரசாங்கம் உங்க பின்னால நிக்குது" என்றார்.

மேடம் எழுந்தார். "பின்னாலதாங்க நிக்குது. கொஞ்சம் முன்னால வரச் சொல்லுங்க சார், குளிர் அறைக்குக் கம்ப்ரஸர் வாங்கணும்."

டைரக்டர் இருமினார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். சமோசா வந்தது.

அந்தக் கம்ப்ரஸர் கதையைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது. கடைமடையில், வேதாரண்யம் பக்கம், கடல் தண்ணீர் ஏறி உப்புப் பூத்த வயல்கள் உண்டு. அங்கே நிற்கிற மாதிரி ஒரு நெல்லை மேடம் பத்துப் பன்னிரண்டு வருஷமாக ரகத்தோடு ரகத்தைக் கலந்து கலந்து உருவாக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்து விவசாயி ஒருவர் போகத்துக்குப் போகம் பஸ் ஏறி வந்து, "எங்க வயலுக்கு எப்பங்க?" என்று கேட்டுவிட்டுப் போவார். அந்த விதை மொத்தமும் எங்கள் குளிர் அறையில் இருந்தது. சித்திரை வெயிலில் அந்த அறையின் கம்ப்ரஸர் செத்துப்போனது. அறை புழுங்க ஆரம்பித்தது. அந்தப் புழுக்கத்தில் விதை சில மாதம்கூடத் தாங்காது. அப்புறம் அது வெறும் நெல், முளைக்காது.

மேடம் கணக்கு அதிகாரியிடம் ஓடினார். நானும் ஃபைலோடு பின்னால் போனேன்.

"சார், இந்தக் கம்ப்ரஸரை ஒரே ஒரு கம்பெனிதான் செய்யுது."

"அப்ப மத்த ரெண்டு கம்பெனிகிட்ட 'நாங்க செய்யறதில்ல'ன்னு கொட்டேஷன் வாங்கிட்டு வாங்க."

வாங்கிக்கொண்டும் வந்தார். நம்புங்கள், நான்தான் டைப் அடித்தேன். அதில் விலை குறிப்பிடவில்லை என்று ஆட்சேபணை எழுதித் திருப்பி அனுப்பினார்கள். பிறகு அரசாங்க இணையதளத்தில் கேட்கச் சொன்னார்கள். குறைந்த விலைக்காரன் ஒருவன் கிடைத்தான். ஆடி போய் ஆவணி வந்ததும் அவன் அனுப்பிய கம்ப்ரஸரும் வந்தது. மிட்டாய்க் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குத்தான் அது பொருந்தும்.

இதற்கெல்லாம் மேடம் காத்திருக்கவில்லை. கம்ப்ரஸர் நின்ற அன்று சாயங்காலமே, மீன்காரம்மாவிடம் தெர்மாகோல் பெட்டியை இரவல் வாங்கி, ஐஸ் போட்டு, விதைப் பாக்கெட்டுகளை அடுக்கி, ஸ்கூட்டரில் எங்கள் காலனிக்கு வந்துவிட்டார்.

"ஏம்மா, உங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல ஒரு தட்டு காலி பண்ணு."

"மேடம், மாமியார் இருக்காங்க. மீன் வாசனை வருதே."

"வாசனைதானே வருது, மீன் வரலியே."

என் மாமியார் ஒரு வாரம் அந்த ஃப்ரிட்ஜிலிருந்து தயிர்கூட எடுக்கவில்லை. இப்படிக் காலனியில் பாதி வீட்டில் மாவுக்கும் மல்லிகைப்பூவுக்கும் நடுவே கடைமடையின் நெல் குடியேறியது. ஒவ்வொரு ரகத்தையும் மூன்று பாக்கெட்டாகப் பிரித்து மூன்று வீட்டில் வைத்தார். ஏன் மூன்று என்று கேட்டதற்கு, "சட்டம்மா" என்றார். கரண்ட் போனால் போதும், ஒவ்வொரு வீட்டுக்கும் போன் வரும். "கதவைத் தொறக்காதீங்க. பசிச்சா ஓட்டலுக்குப் போங்க."

கார்த்திகை வந்தது. கணக்கு அதிகாரியின் மனைவி மேடத்துக்குக் கோயில் சிநேகிதி. அதிகாரிக்குத் தெரியாமல் அவர் வீட்டு ஃப்ரிட்ஜிலும் ஒரு பாக்கெட் இருந்தது. தீபத்துக்கு அந்த அம்மா நெல்பொரி செய்ய உட்கார்ந்தார், கடையில் வாங்கிய நெல் போதவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்தார். அப்புறம் என்ன, வெல்லம் போட்டு உருண்டை பிடித்து ஆபீசுக்கே கொடுத்தனுப்பிவிட்டார்.

விஷயம் தெரிந்ததும் மேடம் வெளுத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார். எந்தப் பாக்கெட், எந்த ரகம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, வண்டியை எடுத்து மற்ற இரண்டு வீட்டுக்கும் போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வந்தார். இரண்டும் பத்திரம். நேராகக் கணக்கு அதிகாரி அறைக்குள் போனார். அவர் வாயில் பொரி இருந்தது.

"சார், நீங்க சாப்பிடறது பத்து வருஷ ஆராய்ச்சி. ருசி எப்படின்னு ஒரு குறிப்பு எழுதிக் குடுங்க, ஃபைல்ல சேத்துக்கறேன். நல்லவேளை, சட்டப்படி மூணு வச்சிருந்தேன்."

பொரி தின்ற கையாலேயே அந்த மனிதர் மேலிடத்துக்கு எழுதினார். மெமோ வந்தது. அரசாங்கச் சொத்தை அனுமதியில்லாமல் வெளியே கொண்டுபோனது ஏன் என்று விளக்கம் கேட்டார்கள். மேடம் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன்: "விதை உள்ளேயே செத்திருந்தால் இந்த மெமோ வந்திருக்காது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." நிஜம்தானே? அது குளிர் அறையிலேயே மக்கிப்போயிருந்தால் ஒரு பயல் கேள்வி கேட்டிருக்க மாட்டான். சாகவிடுவதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. காப்பாற்றுவதற்குத்தான் அனுமதி வேண்டும். இதை எழுதி வைத்தவர்கள்தான் மேடையில் ஏறி, நாட்டில் கண்டுபிடிப்பு பெருகவில்லையே என்று கண்ணீர் விடுகிறார்கள்.

மேடத்துக்கு மரவள்ளிக் கிழங்கு ஆராய்ச்சி நிலையத்துக்கு மாற்றல். நெல்லே விளையாத ஊர் அது. சரியான கம்ப்ரஸர் தை மாதம் வந்து சேர்ந்தது. அடுத்த சம்பாவில் அந்த நெல், உப்பு வயலில் இடுப்பளவு நின்றது. வயல்விழா எடுத்தார்கள். அதே தலைநகர் அதிகாரி வந்து, அரசின் தொலைநோக்குக் கொள்கைக்குக் கிடைத்த வெற்றி இது என்று பேசினார். மேடத்துக்கு அழைப்பில்லை. பஸ் ஏறி வருவாரே, அந்த விவசாயி, கூட்டத்தில் என்னைத் தேடிப்பிடித்து, "ஸ்கூட்டர்ல வருவாங்களே, அந்தம்மா எங்கங்க?" என்று கேட்டார். பந்தலிலிருந்து எழுந்து வந்துவிட்டேன்.

சரியான கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்த பிறகு, மாற்றலாகிப் போகிற அன்று மேடம் வீடு வீடாகப் போய்ப் பாக்கெட்டுகளைச் சேகரித்து நிலையத்தில் ஒப்படைத்தார். எங்கள் வீட்டில் மட்டும் ஒன்றை எடுக்கவில்லை. "இது இருக்கட்டும்மா. அந்தக் கம்ப்ரஸரை நான் நம்பல" என்றார். பிறகு அவர் கேட்கவும் இல்லை, நான் கொடுக்கவும் இல்லை.

எங்கள் ஃப்ரிட்ஜுக்கு வயசாகிவிட்டது, இரவெல்லாம் முனகுகிறது. புதிது வாங்கலாம் என்று மூன்று கடையில் விலைகூடக் கேட்டு வந்துவிட்டார் என் வீட்டுக்காரர். நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன். பழசை இறக்கிப் புதுசை ஏற்றுகிற அந்த அரைமணி நேரம், மேடத்தின் பாக்கெட்டை எங்கே வைப்பதாம்?