நாற்பத்தாறு துவாய்கள்

ஜனவரி 4, 2025: துவாய் 12.
ஜனவரி 11: துவாய் 12. பொலித்தீன் விரிப்பு 6.
ஜனவரி 18: துவாய் 10. வாளி 5.
ஜனவரி 25: கைவிளக்கு 4. பற்றரி 32.
பெப்ரவரி 1: துவாய் 12. சுடுதண்ணீர்ப் போத்தல் 7.
பெப்ரவரி 8: காற்றடித்து நிரப்பும் பிரசவத் தொட்டி 1. பம்பு 2.
பெப்ரவரி 15: தண்ணீர்க் குழாய் 1 (30 மீற்றர்).
மொத்தம்: உருப்படி 104.
எதிர்பார்க்கப்படும் பிள்ளை: 1.

இந்தப் பட்டியலுக்கு உரியவர் மனித குலத்தில் தனியொரு வகையைச் சேர்ந்தவர். அந்த வகைக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஆயத்தக்காரர். உங்களுக்கும் அவரைத் தெரியும். விமானம் மாலை ஐந்து மணிக்கு என்றால் காலை பத்து மணிக்கே ஹீத்ரோவில் நிற்பவர் அவர்; அதற்கு முதல்நாளே போய், கார் நிறுத்துமிடத்தில் எந்த மாடித்தட்டு வசதி என்று பார்த்துவிட்டு வந்தவரும் அவரே. கலியாண மண்டபத்துக்குப் பூக்காரர் வருமுன்னரே வந்து, கதவு உள்ளே திறக்குமா வெளியே திறக்குமா என்று தள்ளிப் பார்த்து, அவசர வாசல்களை எண்ணி, கழிவறைக்குப் போகும் வழியை இரண்டு தரம் நடந்து பழகி, சாப்பாடு முடிந்துபோனால் என்ன செய்வது என்று வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டும் வந்திருப்பார். அவருடைய வேதவாக்கு இரண்டே இரண்டு. ஒன்று, "எதுக்கும் இருக்கட்டும்." மற்றது, "பிறகு ஓடித் திரியேலாது."

கெட்டவரா? இல்லை. சோம்பேறியா? ஒருநாளும் இல்லை. அவரிடம் உள்ளது ஒரே ஒரு பயம்: எந்தக் காரியத்துக்காக ஆயத்தம் செய்கிறாரோ, அந்தக் காரியம் திடீரென்று வந்து ஆயத்தத்தைக் குழப்பிவிடுமோ என்ற பயம்.

இந்த வகையின் சிறந்த மாதிரி ஒன்று மிச்சம் என்ற ஊரில், என் வீட்டுக்கு நேர் எதிரே, முப்பத்தொரு வருடமாக வாழ்கிறது. பெயர் ஆனந்தராஜா. பஸ் டிப்போவில் நேர அட்டவணை போட்டு ஓய்வுபெற்றவர். மனைவி சிவனேஸ்வரி, மகள் கம்சிகா, மருமகன் நிசாந்தன், ஒரு பேரப்பிள்ளை எல்லோரும் ஒரே வீட்டில். என் கையெழுத்துத் தெளிவாக இருப்பதால் சாமான் பதிவேட்டை எழுதும் பொறுப்பை என்னிடம் தந்திருந்தார். அதனால்தான் மேலே உள்ள எண்களுக்கு நான் உத்தரவாதம்.

கம்சிகாவின் முதற்பிள்ளை ஆஸ்பத்திரியில் பிறந்தது. பத்தொன்பது மணி நேரம். ஷிப்ட் மாறி மாறி வந்தவர்கள் எல்லோரும் அவளுடைய பெயரையும் பிறந்த திகதியையும் முதலிலிருந்து கேட்டார்கள். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போது, டிசம்பர் 26ஆம் திகதி, சாப்பாட்டு மேசையில் சொன்னாள்: "இந்த முறை வீட்டிலைதான். முன்னறையிலை. எனக்குத் தெரிஞ்ச சுவரைப் பாத்துக்கொண்டு."

சிவனேஸ்வரி, "அவளின்ரை உடம்பு, அவள் முடிவெடுக்கட்டும்" என்று ஒரு வரியில் முடித்தார். ஆனந்தராஜா ஒன்பது நாள் எதிர்த்தார். "ஆஸ்பத்திரியைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு ஆரும் வீட்டிலை பெறுவினமே?" பத்தாம் நாள், ஈரம் துடைக்க என்று பன்னிரண்டு துவாயோடு வந்து மகளின் அறைக் கதவைத் தட்டினார். ஆயத்தக்காரரை வெல்வது கடினம். வென்றால் அதைவிடக் கடினம்.

சனிக்கிழமைதோறும் சாமான் வந்தது. முதலில் முன்னறையில் சுவரோரம் அடுக்கினார். அந்தச் சுவர் நிறைந்ததும் அடுத்த சுவர். அதுவும் நிறைந்ததும் வாசலுக்குப் போகும் நடைபாதை. வீட்டு நடைபாதையின் அகலம் 92 சென்ரிமீற்றர். பெட்டிகள் அடுக்கிய பின் மிஞ்சியது 34. எட்டு மாத வயிற்றோடு அதற்குள்ளால் வர முடியாமல், கம்சிகா பெப்ரவரி 8ஆம் திகதியிலிருந்து பின்வளவுக் கதவால் போய்வந்துகொண்டிருந்தாள். யாருக்காக இத்தனையும் வாங்கப்பட்டதோ அவள் தன் வீட்டு முன்வாசலால் வர முடியவில்லை. ஆனந்தராஜா இதைக் கவனித்தாரா? கவனித்தார். பின்கதவுப் படிக்கு வழுக்காத மிதியடி ஒன்று வாங்கிப் போட்டார்.

பெப்ரவரி 15 அன்று ஒத்திகை. ஆயத்தக்காரருக்கு ஒத்திகையில்லாத காரியம் உப்பில்லாத கறி. கம்சிகா நடிக்க மறுத்துவிட்டாள். கையில் பிஸ்கற்றோடு கதவருகே நின்று பார்த்தாள். ஆகவே மருமகன்.

"தம்பி, இப்ப நீர்தான் கம்சி. படும்."

"மாமா, நான் நிசாந்தன்."

"ஒத்திகைக்கு மட்டும். உமக்கு இப்ப இடுப்பு நோ துவங்கீட்டுது."

"எவ்வளவு நேரத்துக்கு மாமா நோ?"

"தொட்டி நிரம்பும் மட்டும் பொறும்."

தொட்டிக்குக் காற்றடிக்க 11 நிமிடம். குழாய் பூட்ட 6 நிமிடம். முப்பத்தோராவது நிமிடத்தில் சுடுதண்ணீர் தீர்ந்தது. மிச்சத்தைக் கேத்திலில் கொதிக்கவைத்து ஐந்து வாளியிலும் சுமந்தோம். ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் தொட்டி நிரம்பியபோது பிள்ளைத்தாச்சி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். முதல்நாள் இரவு ஷிப்ட் செய்த களைப்பு.

"எழுப்பாதேங்கோ அப்பா" என்றாள் கம்சிகா. "பாவம், பெத்துக் களைச்சுப்போனார்."

மூன்று நாள் கழித்து மருத்துவிச்சி பிரிட்ஜெட் வீட்டைப் பார்வையிட வந்தார். வீட்டில் பிரசவம் பார்க்கலாமா என்று முப்பத்தாறாவது வாரத்தில் வந்து பார்ப்பது வழக்கம். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. வாசலில் நின்று நடைபாதையைப் பார்த்தார். நேராக வரப் பார்த்தார், முடியவில்லை. திரும்பிப் பக்கவாட்டில் வரப் பார்த்தார், பை சிக்கியது. ஒரு பையை வெளியே வைத்துவிட்டு வந்தார். முன்னறையில் நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு, உட்கார இடமில்லாததால் நின்றபடியே பேசினார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இது: ஏதாவது சிக்கல் வந்தால் அம்புலன்ஸ்காரர் தாயைத் தூக்கிக்கொண்டு இந்த வழியால்தான் ஓடவேண்டும். இந்த வழியால் ஒரு பூனைகூட யோசித்துத்தான் போகும். அடுத்த செவ்வாய் மறுபடி வருவேன். அப்போதும் இப்படியென்றால், இந்த வீடு சரி என்று என்னால் எழுத முடியாது.

கம்சிகா பின்கதவால் வெளியே போய் வளவில் நின்றாள்.

ஆனந்தராஜா என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? பெட்டிகளைத் தூக்கி வெளியே வைத்தாரா? நீங்கள் இன்னும் இந்த வகையைப் புரிந்துகொள்ளவில்லை. பெட்டிகளை அகற்றுவதற்கு ஆயத்தம் செய்யத் தொடங்கினார். புதன்கிழமை நடைபாதையின் வரைபடம். வியாழக்கிழமை எந்தப் பெட்டி முதல், எந்தப் பெட்டி பிறகு என்று ஓர் அட்டவணை. வெள்ளிக்கிழமை பெட்டிகளில் ஒட்ட மூன்று நிறத்தில் காகிதம். சனிக்கிழமை, அகற்றிய சாமானைப் போட்டு வைப்பதற்கு எட்டுப் பெரிய பிளாஸ்ரிக் பெட்டிகள் வந்து சேர்ந்தன. அவற்றை வைக்க வேறு இடமில்லாததால் நடைபாதையில் வைத்தார். மிஞ்சியது 19 சென்ரிமீற்றர்.

திங்கட்கிழமை பிற்பகல் கம்சிகா பின்கதவால் வந்து, முன்னறை வாசலில் நின்றாள். நான் பதிவேட்டோடு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

"அப்பா, உங்கடை லிஸ்டை ஒருக்கா வாசியுங்கோ."

அவருக்கு மகிழ்ச்சி. முதன்முறையாக ஒருவர் கேட்கிறார். என்னிடமிருந்து பதிவேட்டை வாங்கி, முதல் துவாயிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை, திகதி விடாமல் வாசித்தார்.

"இதுக்குள்ள நான் எங்க இருக்கிறன்?"

"நீ என்ன சாமானே பிள்ளை, லிஸ்டிலை போட?"

"இல்லைத்தான். ஆனா இந்த அறையிலை பற்றரிக்கு இடமிருக்கு. வாளிக்கு இடமிருக்கு. நான் முழங்காலிலை நிக்கிறதுக்கு இடமெங்க? எந்தச் சுவரை நான் பாக்கிறது?"

ஆனந்தராஜா என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன். அதில் இல்லாததை நான் எப்படிச் சொல்வது?

"நாளைக்கு அவ வந்து ஏலாதெண்டு எழுதினா நான் திரும்ப ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேணும் அப்பா." அவள் குரல் உயரவில்லை. "அதுக்குப் பிறகு உந்த நாப்பத்தாறு துவாயையும் வைச்சு என்ன செய்யப்போறியள்?"

"முகம் துடைக்கலாம்" என்றார் சிவனேஸ்வரி, குசினியில் கறியைக் கிளறியபடி.

ஆனந்தராஜா பதிவேட்டை மூடினார். அட்டவணையில் மூன்றாவதாகத் தூக்கவேண்டிய பெட்டியை முதலாவதாகத் தூக்கினார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, மனுசன் உடைந்துபோனார் என்று. நிசாந்தனும் அவருமாக இரண்டு மணி நாற்பது நிமிடம் தெருவைக் கடந்து கடந்து சுமந்தார்கள். எங்கே கொண்டுபோனார்கள்? வேறெங்கே, என் வீட்டுக்குத்தான். அன்றிலிருந்து நான் பின்கதவால் போய்வருகிறேன்.

மறுநாள் பிரிட்ஜெட் இரண்டு பையோடும் நேராக நடந்து வந்தார். முன்னறையில் ஒரு சோபா, ஒரு கம்பளம், ஒரு வெறும் சுவர். எழுதினார், சிரித்தார், வீடு சரி என்ற கடிதம் தபாலில் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேறு யாராவது என்றால் அந்தச் சொல்லோடு நிம்மதியாகியிருப்பார்கள். ஆயத்தக்காரருக்கு வாயால் சொன்னது சொன்னதல்ல. தினமும் பதினொரு மணிக்குத் தபால்காரரை வாசலில் நின்று வரவேற்றார். முதல் வாரம் "குட் மோர்னிங்" சொன்ன தபால்காரர் இரண்டாம் வாரம் தூரத்திலிருந்தே தலையாட்டிவிட்டு எதிர்ப்பக்கத்தால் போனார்.

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை எட்டேகாலுக்குக் கம்சிகா குசினி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, துவங்கீட்டுது."

"கடிதம் இன்னும் வரேல்லையே" என்றார் ஆனந்தராஜா.

"இஞ்சருங்கோ, உள்ளுக்கை இருக்கிறதுக்குக் கடிதம் வாசிக்கத் தெரியாது. போனை எடுங்கோ" என்றார் சிவனேஸ்வரி.

ஒன்பது ஐந்துக்குப் பிரிட்ஜெட் வந்தார். நிசாந்தனும் சிவனேஸ்வரியும் கம்சிகாவோடு முன்னறைக்குள் போனார்கள். சாதகத்துக்குப் பிறந்த நேரம் குறிக்க என்னைக் குசினியில் இருத்தினார்கள். அங்கிருந்து நடைபாதை முழுவதும் தெரியும். ஆனந்தராஜாவுக்கு மகள் ஒரேயொரு வேலை கொடுத்திருந்தாள்: நடைபாதையில் நிற்கவேண்டும், அதில் யாரும் எதையும் வைக்கவிடக் கூடாது. பத்து முப்பத்தைந்துக்கு இரண்டாவது மருத்துவிச்சி வந்து, நனைந்த குடையையும் மேலங்கியையும் தரையில் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். ஆனந்தராஜா குனிந்து இரண்டையும் எடுத்தார். மாட்டக் கொளுவி இருந்தது, அங்கே மாட்டவில்லை. மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் அவருடைய சப்பாத்தில் சொட்டியது. கதவுக்கு அப்பால் கம்சிகா கத்தும்போதெல்லாம் அவருடைய உதடு அசைந்தது. எண்ணினாரா, கும்பிட்டாரா என்று நான் கேட்கவில்லை.

தொட்டிக்குக் காற்று அடிக்கப்படவில்லை. சுடுதண்ணீர்ப் போத்தல் ஒன்றும் திறக்கப்படவில்லை. குளியலறை அலுமாரியில் இருந்த பழைய துவாய் ஐந்து போதுமாக இருந்தது. பதினொன்று இருபத்தாறுக்கு ஒரு புதுக் குரல் கேட்டது. அவ்வளவுதான்.

ஆனந்தராஜாவின் கையிலிருந்து குடை விழுந்து, நடைபாதையின் குறுக்கே கிடந்தது. அவர் அதை எடுக்கவில்லை. முப்பத்தொரு வருடத்தில் அவர் விழுந்த பொருளை விழுந்த இடத்தில் விட்டுவிட்டுப் போனதை நான் கண்டது அந்த ஒரு தரம்தான். அதைத் தாண்டி, கதவைத் திறந்து உள்ளே போனார்.

பெண்பிள்ளை. 3 கிலோ 410 கிராம். கம்சிகா சுவரில் சாய்ந்து இருந்தாள், பிள்ளையை நெஞ்சில் போட்டபடி.

இத்தோடு மனுசன் திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நான் நடந்ததை எழுதுகிறவன். பதினொன்று நாற்பதுக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்கு வந்தார்.

"அண்ணை, பிள்ளையின்ரை முப்பத்தோராம் நாள் கொண்டாட்டம் ஏப்ரல் பத்து வருது. வியாழக்கிழமை. வாற ஆக்கள் இருக்கக் கதிரை எத்தனை போடலாம்?"

இனி உங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நான் அப்படிப்பட்டவன் இல்லை என்கிறீர்கள். நல்லது. இதை வாசிக்கத் தொடங்குமுன் எத்தனை பக்கம் வரும் என்று புரட்டிப் பார்த்தீர்களா? அப்படியே கண் கடைசி வரிக்கும் போனதா? அது என்ன கடிதம், யாருக்கு வந்தது என்று தெரியாமலே, எதுக்கும் இருக்கட்டும் என்று அது வந்த நாளை முதலில் மனதில் வைத்துக்கொண்டு, பிறகுதான் ஆரம்பத்துக்குத் திரும்பினீர்களா? அப்படியென்றால் நீங்கள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் வீட்டு நடைபாதையை ஒருமுறை அளந்து பாருங்கள். புரட்டிப் பார்க்காமல் பொறுமையாக இதுவரை வந்த மற்றவர்களுக்காக மட்டும் எழுதுகிறேன். இந்த வீட்டில் பிள்ளை பெறலாம் என்று உறுதிசெய்யும் கடிதம், பிள்ளை பிறந்து எட்டு நாள் கழித்து, வாசலில் காத்துநின்ற ஆனந்தராஜாவின் கையிலேயே வந்து சேர்ந்தது: 2025 மார்ச் 19, புதன்கிழமை.