முட்டைச்சாமி எடுத்த அணி

சங்கரன்கோவிலில் போன மாதம் முட்டைக்குத் தட்டுப்பாடு வந்தது. கோழிகள் வேலைநிறுத்தம் செய்யவில்லை. நோய் எதுவும் பரவவில்லை. ஊரில் இருந்த முட்டையெல்லாம் அட்டை அட்டையாகக் கரிவலம்வந்தநல்லூர் சாலையில் இருந்த ஒரு தகரக் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே முட்டைச்சாமி உட்கார்ந்திருந்தார்.

கொட்டகைக்கு வெளியே வண்டி நிறுத்த இடமில்லை. நன்னாரி சர்பத்காரர் குடை விரித்துவிட்டார். செருப்பைப் பார்த்துக்கொள்ளக்கூட ஓர் ஆள் வந்துவிட்டான். கல்யாணம், கால் வலி, வெளிநாட்டு விசா, எதைக் கேட்டாலும் சாமி செய்வது ஒன்றுதான். ஒரு எவர்சில்வர் தட்டில் திருநீற்றைக் குவிப்பார். அதன்மேல் முட்டையைச் செங்குத்தாக வைப்பார். கண்ணை மூடி முணுமுணுத்துவிட்டுத் தட்டின்மேல் ஓங்கி ஊதுவார். திருநீறு பறந்துவிடும். முட்டை நின்றால் காரியம் ஜெயம். உருண்டால் இன்னும் ஓர் அட்டை முட்டையோடு அடுத்த வெள்ளிக்கிழமை வரவேண்டும். முதல் வெள்ளியிலேயே நின்ற முட்டை மிகக் குறைவு. தெய்வங்கள் அவ்வளவு சீக்கிரம் முடிவெடுப்பதில்லை போலும்.

உருண்ட முட்டையெல்லாம் எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. கொட்டகைக்கு அடுத்தே சாமியின் மைத்துனர் பரோட்டாக் கடை வைத்திருந்தார். காலையில் தலைவிதியைச் சொன்ன முட்டை மாலையில் வெங்காயத்தோடு தோசைக்கல்லில் கிடந்தது. கொண்டுவந்த பக்தர்களே அதைக் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிட்டார்கள். ருசியாக இருக்கிறது என்று வேறு சொன்னார்கள்.

இந்தச் சாமிக்கும் ஆஸ்திரேலியக் கால்பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். கேட்பது நல்ல பழக்கம். எங்கள் ஊரில் அந்தப் பழக்கம் இல்லாமல் போனதால் வந்ததுதான் இவ்வளவும்.

கடையநல்லூரிலிருந்து பிழைக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் துபாய்க்கும் சவூதிக்கும் போவார்கள். நியாஸ் அகமது மட்டும் மெல்போர்னுக்குப் போனார். அங்கே ஒரு கிட்டங்கியில் சரக்கு ஏற்றி இறக்கிவிட்டு, திரும்பி வரும்போது முட்டை வடிவத்தில் ஒரு தோல் பந்தைக் கொண்டுவந்தார். சங்கரன்கோவிலுக்கு வெளியே வறண்டு கிடந்த குளத்தில் இரண்டு பக்கமும் நான்கு நான்கு கம்புகளை நட்டார். பெண்பிள்ளைகளைச் சேர்த்து ஆடவிட்டார். பந்தை உதைக்கலாம், பாய்ந்து பிடிக்கலாம், முஷ்டியால் குத்தி அடுத்தவளுக்குத் தரலாம். நடுக் கம்புகளுக்கு ஊடே உதைத்தால் ஆறு புள்ளி, ஓரத்தில் போனால் ஒன்று. முறைப்படி பதினெட்டுப் பேர் ஆட வேண்டும். எங்கள் குளத்துக்கு ஒன்பது போதும் என்று வைத்துக்கொண்டார்.

முதலில் ஊர் சிரித்தது. இரண்டு வருடத்தில் பைத்தியம் பிடித்துக்கொண்டது. இந்த வருடம் சீசனின் முதல் ஆட்டம் பனவடலிசத்திரம் அணியோடு என்று அறிவித்ததும், டீக்கடையில் அரசியல் பேச்சு நின்றே போனது. யாரை எடுப்பது, யாரை விடுவது, இதே பேச்சு.

"ரிஸானா நடுவுல நிக்கலேன்னா நான் ஆட்டம் பாக்கவே வரமாட்டேன்" என்றார் தையல்கடை இப்ராஹீம்.

"நடுவுல யாரு வேணாலும் நிக்கட்டும் பாய். முன்னால பேச்சி நிக்கணும்" என்றார் லாரி ஓட்டும் கணேசன். "அவ உதைச்சா பந்து வழி தவறாது."

"போன வருசம் கடைசி நிமிசத்துல பந்தக் கைநழுவ விட்டாளே, அது ஒம்ம கண்ணுல படலையாவே?" என்றார் இசக்கித்துரை.

இசக்கித்துரை சிமெண்ட் வியாபாரி. அணியின் செயலாளர். ஜெர்சியும் வேனும் அவர் உபயம். அவருடைய அக்கா மகள் யோகலட்சுமியும் முன்வரிசையில்தான் ஆடுகிறாள். அவள் பந்தைக் கைநழுவ விட்டதில்லை. பிடித்தால்தானே நழுவவிட முடியும்.

"நமக்குள்ள எதுக்குச் சண்டை? முட்டைச்சாமிகிட்ட கேட்ருவோம்" என்றார் இசக்கித்துரை. "பந்தும் முட்டை மாதிரித்தான இருக்கு. பந்தப் பத்தி முட்டைக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

டீக்கடையில் தலைகள் ஆடின. இவ்வளவு ஆழமான கருத்தை அங்கே யாரும் அதுவரை கேட்டதில்லை.

நியாஸ் அகமது மட்டும் டம்ளரைக் கீழே வைத்தார். "அண்ணாச்சி, யாரு எப்படி ஆடுதாங்கன்னு தெனமும் குளத்துல நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

"நீரு பாத்தது பயிற்சி. சாமி பாக்குதது எதிர்காலம். ஜெர்சி குடுக்குதது யாரு?"

நியாஸ் மறுபடி டம்ளரை எடுத்துக்கொண்டார். மெல்போர்னில் கற்ற எதுவும் இந்த இடத்தில் உதவவில்லை.

அந்த வாரமே சாமியின் கொட்டகையில் மண் தரை போய்ச் சிமெண்ட் தரை வந்தது. தெய்வச் செயல் என்று பேசிக்கொண்டார்கள். ரசிகர்களும் சும்மா இருக்கவில்லை. அவரவர் ஆட்டக்காரிக்காக அட்டையோடு போனார்கள். இப்ராஹீம்கூட ரிஸானாவுக்காக இரண்டு அட்டை கொண்டு போனார். "எங்க மார்க்கத்துல இதெல்லாம் கெடையாது. ஆனா மொத ஆட்டமுல்லா" என்று வழியில் பார்த்தவரிடமெல்லாம் விளக்கம் சொன்னார்.

பேச்சித்தாய்க்கு அட்டை கொண்டுபோக யாரும் இல்லை. அவள் அப்பா ஆடு மேய்ப்பவர். ஊர் ஊராகப் போய், உரத்துக்காக வயலில் ராத்திரி ஆடுகளை அடைத்துக் கிடை போடுபவர். மகள் ஆட்டம் ஆடுவது அவருக்குப் பிடிக்காது. ஆனாலும் இந்த வருடம் ஒரு வாய்ப்புத் தந்திருந்தார். முதல் ஆட்டத்தைப் பார்க்க மாநில அணித் தேர்வாளர் வருகிறார். அவர் எடுத்தால் பேச்சி போகலாம். இல்லையென்றால் பந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அப்பாவோடு கிடைக்குப் புறப்பட வேண்டும். தை மாதம் கல்யாணம். அன்று களத்தில் இறங்காதவளைத் தேர்வாளர் எப்படி எடுப்பார்? பயம் அவளையும் அந்தக் கொட்டகைக்குக் கொண்டுபோனது. மேய்ச்சலிலிருந்து நேரே போனதால், கருப்பி என்ற வெள்ளாட்டையும் பிடித்துக்கொண்டு போனாள்.

சாமி அவளுடைய வெறுங்கையைப் பார்த்தார். பிறகு ஆட்டைப் பார்த்தார்.

"ஒன் கட்டத்துல பந்து இல்ல தாயி. ஆடுதான் இருக்கு" என்றார். முக்காலமும் உணர்ந்தவர்.

பேச்சி அழுகையை அடக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அதற்குள் கருப்பி கயிற்றை இழுத்துக்கொண்டு, கழுவப் போட்டிருந்த தட்டுகள் பக்கம் போயிருந்தது. ஒரு தட்டை மோந்து பார்த்து விட்டுவிட்டது. இன்னொன்றைப் பளபளவென்று நக்கியது. அடுத்ததை மோந்து விட்டது. அதற்கடுத்ததை நக்கியது.

"ஏட்டி, சாமி தட்ட ஆட்டுக்குக் குடுக்கியே, நல்லா இருப்பியா நீ?" என்று செருப்புக்காரன் கத்தினான்.

பேச்சி காதில் வாங்கவில்லை. வெயில் காலத்தில் அப்பா பாறையில் உப்பைத் தூவி வைத்தால் ஆடுகள் இப்படித்தான் மொய்க்கும். குனிந்து, ஆடு நக்கிக்கொண்டிருந்த தட்டை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். பிறகு ஆடு ஒதுக்கிய தட்டைத் தொட்டு வைத்தாள். அழுகை போய்ச் சிரிப்பு வந்தது. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஆட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் மாலை, அணித் தேர்வு குளத்திலேயே நடந்தது. மறுநாள் ஆட்டத்துக்குக்கூட அவ்வளவு கூட்டம் வரவில்லை. பெஞ்சில் வரிசையாகத் தட்டுகள். சாமி இடுப்பில் இரண்டு திருநீற்றுச் சுருக்குப்பைகள் தொங்கின. ஒரு பேருக்கு வலதுபுறப் பையில் கை போனது, இன்னொரு பேருக்கு இடதுபுறப் பையில். இதை ஆயிரம் கண்கள் பார்த்தன. ஒரு கண்ணும் கவனிக்கவில்லை.

ரிஸானா முட்டை நின்றது. இப்ராஹீம் மேலே பார்த்து நன்றி சொன்னார். யோகலட்சுமி முட்டை கம்பமாக நின்றது. பேச்சித்தாய் பேரைச் சொல்லிச் சாமி ஊதினார். முட்டை உருண்டு கீழே விழுந்து உடைந்தது.

"சாமியே சொல்லிட்டாரு. இனி என்ன இருக்கு?" என்றார் கணேசன். ஒரு வாரம் பேச்சிக்காகத் தொண்டை கிழியப் பேசியவர் இவர்தான்.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற அப்பா கம்பை ஊன்றிக்கொண்டு, "வா மக்கா, போவோம்" என்றார். அவருக்கும் அந்த நேரத்தில் முகம் வாடித்தான் போயிற்று.

பேச்சி போகவில்லை. கருப்பியோடு முன்னால் வந்தாள். "சாமி, ஒரு சந்தேகம்."

"தோத்தவளுக்குத்தான் சந்தேகமெல்லாம் வரும்" என்றார் இசக்கித்துரை.

"ஆமா அண்ணாச்சி. ஜெயிச்சவளுக்கு எதுக்குச் சந்தேகம் வரப்போகுது?"

சொல்லிவிட்டுக் கயிற்றை விட்டாள். கருப்பி நேரே பெஞ்சுக்குப் போனது. யோகலட்சுமியின் தட்டில் வாயை வைத்தது. நின்ற முட்டை உருண்டது. ஆடு அதைச் சட்டை செய்யாமல் தட்டை நக்கியது. அடுத்து ரிஸானா தட்டு. பேச்சியின் தட்டை மோந்துவிட்டுத் தும்மியது.

"பாத்தீங்களா" என்றார் சாமி. ஆள் கெட்டிக்காரர். "தெய்வம் தேர்ந்தெடுத்தவங்களை வாயில்லா ஜீவனும் வணங்குது." கூட்டத்தில் நாலைந்து பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"அது வணங்கல சாமி, நக்குது. கோச், யோகலட்சுமி தட்டத் தொட்டு நாக்குல வச்சுப் பாருங்க."

நியாஸ் தொட்டு வைத்தார். "உப்பு" என்றார்.

இப்ராஹீம் பேச்சியின் தட்டைத் தொட்டு வைத்துவிட்டுத் துப்பினார். "இதுல உப்பு இல்ல. சாம்பல்."

"அம்பாள் உப்பாகவும் வருவா" என்றார் சாமி. குரலில் பழைய கம்பீரம் இல்லை.

"வரட்டும். இந்தத் தட்டக் கழுவித் தாரேன். எங்க அய்யா மடியில திருநீறு இருக்கு, அதப் போட்டு யோகலட்சுமி பேருக்கு ஒரு தடவ நிக்க வச்சுக் காட்டுங்க. இப்பத்தான தெய்வம் அவள எடுத்துச்சு, அதுக்குள்ள மனசு மாறாதுல்லா?"

சாமி வைத்தார். ஊதினார். உருண்டது. மறுபடி வைத்தார். உருண்டது. நேரம் சரியில்லை என்றார். திசை சரியில்லை என்றார். முட்டை கெட்டு ஊளையாகிவிட்டது என்றார்.

பேச்சி கூட்டத்தில் இருந்த மாங்காய்க்காரியிடம் ஒரு பிடி தூள் உப்பு வாங்கினாள். தட்டில் குவித்து, இன்னொரு முட்டையை எடுத்து அதில் பதித்தாள். "இது எங்க கருப்பிக்கு" என்று சொல்லி ஓங்கி ஊதினாள். மேலே கிடந்த உப்பெல்லாம் பறந்தது. அடியில் பிடித்திருந்த நாலு உப்புப் பரலில் முட்டை அசையாமல் நின்றது.

"தெய்வம் எங்க ஆட்டையும் எடுத்துருச்சு. அதுக்கும் ஒரு ஜெர்சி குடுங்க அண்ணாச்சி."

குளம் அதிரச் சிரிப்பு எழுந்தது. முதலில் சிரித்தவள் யோகலட்சுமி. "மாமா, எனக்கு முட்டை நின்னா போதுமா, பந்து கையில நிக்காண்டாமா? பேச்சியே ஆடட்டும்" என்றாள். இசக்கித்துரை தன் சட்டைப் பொத்தானை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்குள் ஆளுக்கொரு முட்டையும் உப்புமாகக் கிளம்பிவிட்டார்கள். கணேசன் தன் லாரி பேருக்கு ஒன்று நிறுத்தினார். சாமிக்கு அவசரமாகப் பிரஷர் மாத்திரை ஞாபகம் வந்தது. மைத்துனர் வண்டியில் ஏறியவர் இன்றுவரை இறங்கிய தகவல் இல்லை. சிமெண்ட் தரை மட்டும் இருக்கிறது. நெல் காயப்போட உதவுகிறது.

மறுநாள் நியாஸ் எடுத்த அணி ஆடியது. ஒரு புள்ளியில் தோற்றோம். முட்டை எடுத்த அணி ஆடியிருந்தால் ஜெயித்திருப்போம் என்று சொல்பவர்கள் இன்றும் டீக்கடையில் உண்டு. ஆனால் எங்கள் ஆறு புள்ளி உதைகள் எல்லாமே பேச்சி உதைத்தவை. மாநிலத் தேர்வாளர் தட்டோ திருநீறோ கொண்டுவரவில்லை. இரண்டு கண்களைக் கொண்டுவந்திருந்தார். ஆட்டம் முடிந்ததும் நேரே பேச்சியின் அப்பாவிடம் போய், மகளைப் பயிற்சி முகாமுக்கு அனுப்பச் சொன்னார். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கூட்டிட்டுப் போங்க" என்றார்.

இதோடு முடிந்திருந்தால் எங்கள் ஊரைப் பற்றி நானும் பெருமையாக முடித்திருப்பேன். அடுத்த வெள்ளிக்கிழமை பேச்சி வீட்டு வாசலில் ஒரு கூட்டம். கையில் பிச்சிப்பூ மாலை, மஞ்சள் துணி, அகத்திக்கீரைக் கட்டு.

"என்ன விசயம்?" என்று கேட்டாள் பேச்சி.

"கருப்பிகிட்ட ஒரு வாக்குக் கேக்கணும் தாயி" என்றார் முன்னால் நின்ற கணேசன். "சாமியோட கள்ளத்தனத்தயே கண்டுபிடிச்ச ஆடுல்லா. அடுத்த ஆட்டத்துல நம்ம ஜெயிப்பமான்னு சொல்லாதா?"

கருப்பி மாலையை மோந்து பார்த்தது. அதில் இருந்த பூவைத் தின்றது. நூலைத் துப்பியது.

"அண்ணாச்சி, அது ஒண்ணையும் கண்டுபிடிக்கல" என்றாள் பேச்சி. "தட்டுல என்ன இருக்குன்னு நக்கிப் பாத்துச்சு. அவ்வளவுதான். நீங்க அதக்கூடச் செய்யலியே."